தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது

என் மாமியார் ராமாமிர்தம் கொழுந்து பறித்த காலத்தில், அடுத்த மலையில் நிற்கும் ஆளோடு இங்கிருந்தே சண்டை போடுவாராம். பசறைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் கங்காணியே அவரிடம் வாய் கொடுக்க மாட்டார். நான் அதற்கு நேர்மாறு. அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது ரொட்டியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு கிளம்பிப் பழகியவர். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "இன்னும் இல்ல" என்பார். தேத்தண்ணியும் அதில் நனைத்த பிஸ்கட்டும் சாப்பாட்டில் சேராது. எங்கள் லயத்து வீடுகளில் யாருக்குமே சேராது.

அண்மையில் பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவர் பாசியில் வழுக்கினார். உட்காருவது போலத்தான் விழுந்தார். அதற்கே இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வயதில் எலும்பு உள்ளே உளுத்துப் போயிருக்கிறதாம். முறிந்த உருண்டையை எடுத்துவிட்டு இரும்பு உருண்டை வைக்க வேண்டுமாம். சுருக்காகச் செய்தால் எழுந்து நடப்பார், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும் என்றார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள், "இரவைக்குப் பொறகு ஒண்ணும் குடுக்க வேணாம்" என்று நர்ஸ் றின்ஸா என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். விடிந்ததும் மாமி என் கையைச் சுரண்டினார்.

"புள்ள, தொண்ட காயுது. தேத்தண்ணி இருக்கா?"

"சாப்பிடக் கூடாதாம் மாமி."

"தேத்தண்ணி என்னடி சாப்பாடு?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. பால் தேத்தண்ணி கொடுத்தேன். பிஸ்கட்டை நனைத்து ஊட்டியும் விட்டேன்.

தள்ளுவண்டி வந்தது. "உம்மா, ஒண்ணும் சாப்பிடல்லதானே?" என்று றின்ஸா கேட்டார்.

"பச்சத்தண்ணி பல்லுல படலம்மா" என்றார் மாமி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"நல்லம். வயித்துல ஏதும் கெடந்தா வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போயிரும். மூச்சு நின்டுரும்."

வண்டி நகர்ந்தது. சொன்னால் இன்றைய ஒப்பரேஷன் முறை போய்விடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடலாம். வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒப்பரேஷன் தியேட்டர் கதவு திறந்த பிறகுதான் குரல் வந்தது.

"மிஸ்ஸி, தேத்தண்ணி குடிச்சாங்க. பிஸ்கட்டும். நான்தான் குடுத்தேன்."

"அடிப்பாவி!" என்றார் மாமி.

றின்ஸா என்னைத் திட்டவில்லை. வண்டியை மட்டும் திருப்பினார். மாமியின் இடத்தில் வேறொருவரை உள்ளே கொண்டுபோனார்கள். இடையில் பௌர்ணமிப் போயா விடுமுறையும் வந்தது. அடுத்த முறை கிடைப்பதற்குள் மாமியின் முதுகுத்தண்டு முடியும் இடத்தில் தோல் சிவந்து, கறுத்து, உடைந்தது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வோக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள்.

இப்போது லயத்துக்கு வந்துவிட்டோம். பார்க்க வருகிறவர்களிடம் மாமி சொல்லிச் சிரிக்கிறார்: "கல்யாணமாகி வந்ததுலருந்து வாயத் தொறக்காதவ, என்னய உள்ள தள்ளுற நேரமாப் பாத்துத் தொறந்தா!" அவர்களும் சிரிக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றினாய் என்று என்னிடம் சொல்கிறார்கள். தேத்தண்ணி கேட்டது தான்தான் என்று மாமி ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்கிறார். நர்ஸ் சொன்னதைக் காதில் வாங்கியவள் நான் என்பதை அவர் சொல்வதில்லை.

புண்ணுக்கு மருந்து கட்டுவது நான்தான். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேச மாட்டார், தலையணையைக் கடித்துக்கொள்வார். புண் இன்னும் ஆறவில்லை.

வருகிறவர்களிடம் அவர் வோக்கரைப் பிடித்து நின்றபடியே பேசுகிறார். "இந்த வயசுல எப்படி நிக்கிறாங்க பாரு" என்று அதிசயப்படுகிறார்கள். அவரால் உட்கார முடியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.