பிரிண்டருக்கு வைத்த பொட்டு

ருக்மிணிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. லிங்கராஜபுரத்தில் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குப் புதுப் பிரிண்டர் வந்த வருஷம், ஆயுத பூஜையன்று அதற்கு வெளியே சந்தனம் குங்குமம் வைத்தது போதாதென்று, கதவைத் திறந்து உள்ளேயும் வைத்தாள். பூஜையில் வைத்த மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாதே! அதனால் பக்கத்துத் தெரு ரயானின் கல்யாணத்தில் சர்ச்சில் பாடுவதற்கான பாட்டுப் புத்தகங்களை மறுநாள் காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையே கோட்டு சூட்டோடு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, புக் ரெடியா? பத்து மணிக்கு சர்ச்!"

"நில்லுப்பா ரயான், ரெண்டு தோசை சுடுற நேரம்."

பட்டனைத் தட்டினாள். கதவைச் சாத்து என்றது பிரிண்டர். சாத்தித்தான் இருந்தது. திறந்து ஓங்கிச் சாத்தினாள். அதே பல்லவி. அவள் போனிலும் 'டிங்' என்று ஒரு புகார்.

"பழைய மெஷின் மண்டையில ஒண்ணு போட்டா கக்கிடும்," என்றார் புருஷன் சாமிநாதன், வாழைக்கன்று கட்டிய கயிற்றால் கதவை இறுக்கிக்கொண்டே. "இவளைத் தொட்டா உனக்குக் கோள் சொல்றா."

"சும்மா இருங்க! மாப்பிள்ளை நிக்கிறான், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டு பாடி, எண்களை அழுத்தச் சொல்லி, கடைசியில் திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

"திங்கட்கிழமை நான் ஹனிமூன்ல இருப்பேன் ஆன்ட்டி!" ரயான் பிரிண்டரையே கட்டிப்பிடித்துக் கதவை அழுத்தினான். "இப்ப அடிங்க!"

டிங்.

ருக்மிணி கயிற்றை அவிழ்த்து இன்னொரு தடவை கதவைத் திறந்தாள். கதவின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு. அது போய் உட்கார வேண்டிய குழி நிறைய, சிமெண்ட் மாதிரி இறுகிப்போன சந்தனம். அதன்மேல் வட்டமாக, அழகாக, நேற்று அவள் வைத்த குங்குமம்.

சாமிநாதன் எட்டிப் பார்த்தார். "நெத்தின்னு நெனச்சு வாயில வெச்சிருக்கியேடி!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டச் சுரண்ட, ரயான் ஊதினான். குங்குமம் பறந்து அவன் மூக்கிலேயே உட்கார்ந்தது.

"ஐயோ, ஃபாதர் கேட்டா?"

"பிரிண்டர் வெச்சு விட்டுச்சுன்னு சொல்லு!"

கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது. பிரிண்டர் ஒரு செருமல் செருமி, மடமடவென்று காகிதங்களைத் துப்பியது. பின் அடிக்க நேரமில்லை. ஸ்டேப்ளரோடு அவளையும் காரில் ஏற்றிக்கொண்டான் ரயான். முதல் பாட்டு தொடங்கியபோது கடைசி பெஞ்சில் அவள் இன்னும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள், கிட்டத்தட்ட தாளத்தோடு.

கடைக்குத் திரும்பியதும் பிரிண்டரை மேலும் கீழும் பார்த்தாள். ரயான் கட்டிப்பிடித்ததில் வெளியே வைத்த பொட்டும் அழிந்து, நெற்றி வெறிச்சென்றிருந்தது. தன் ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள்.

"வெளிய ஒட்டுடி!" என்று அலறினார் சாமிநாதன்.

"தெரியும், போங்க," என்று ஒட்டினாள். வெளியேதான்.