இடப்பக்க பெஞ்சுகள்

மூன்று வருடங்களுக்கு முன், மேட்டுப்பாளையத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் நடந்தது இது. அதற்கு முந்தைய வருடம், என் மூளையின் பின்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே முடிச்சாகப் பின்னிக் கிடப்பதாகக் கண்டுபிடித்து, கோவையில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கத்தி வைக்கவில்லை. முடிச்சு மெல்ல அடைபட இரண்டு மூன்று வருடமாகும் என்று சொல்லி மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

ஒருநாள் எட்டாம் வகுப்பு முடிந்து மணி அடித்ததும் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "மிஸ், நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா? ஒரு வாரமா எங்க பெஞ்சுல யாரு கை தூக்குனாலும் நீங்க கேக்கறதே இல்லீங்க" என்றாள்.

கை தூக்கியதை நான் பார்க்கவே இல்லை. அவளை அதே பெஞ்சில் உட்கார்ந்து கை தூக்கச் சொல்லிவிட்டு நேராகப் பார்த்தேன். என் இடப்பக்கம் பெஞ்சே தெரியவில்லை. தலையைத் திருப்பினேன். கையைத் தூக்கியபடி அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் என் இடது தோள் இடித்துக்கொண்டே இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "கதிர்வீச்சு குடுத்த எடத்தச் சுத்தி வீக்கமுங்க. பார்வையக் கவனிக்கிற எடம் அதுதானுங்க. சில பேருக்கு இப்படி வரும். மாத்திரையில வத்திரும். பார்வை முழுசாத் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர், "அம்மணி, வேலைய உட்டுப்போடு. பாக்கு யாவாரமே நமக்குப் போதும்" என்றார்.

"பார்வைதானுங்க பாதி போச்சு. கணக்குப் போகலீங்க" என்றேன்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. படித்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் காணாமல் போகும். பக்கத்தின் இடது ஓரத்தில் ஸ்கேலை வைத்து, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் படிக்கப் பழகினேன். வேலையை விடச் சொன்ன அதே மனிதர், கடையிலிருந்து வந்ததும் மேசை முழுக்கப் பாக்கைப் பரப்பிவைப்பார். இடது ஓரம்வரை தலையைத் திருப்பித் தேடி, ஒன்று விடாமல் நான் பொறுக்க வேண்டும். "இன்னும் ஒண்ணு கெடக்குது பாரு அம்மணி" என்பார். விடமாட்டார்.

லீவு முடிந்து வகுப்புக்குப் போனபோது, கரும்பலகை நடுவில் நிற்காமல் என் இடப்பக்கச் சுவரோரமாகப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மொத்த வகுப்பும் எனக்கு வலப்பக்கம். பிள்ளைகளிடம் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். "கை தூக்கியும் நான் பாக்கலைன்னா சத்தமாக் கூப்பிடுங்க" என்றேன். நன்றாகவே கூப்பிட்டார்கள்.

வீக்கம் வற்றிவிட்டது. போன பார்வையில் பாதிதான் திரும்பியது. கடைசி ஸ்கேனில் முடிச்சு முழுக்க அடைபட்டிருந்தது. இப்போதும் அந்தச் சுவரோரம் நின்றுதான் பாடம் நடத்துகிறேன். யாராவது என்னைக் கண்டுகொள்ளாமல் போனால் முன்போல் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அந்த மாணவியைப் போல நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.