ஜீப்பைச் சுற்றி நின்ற மேதாவிகள்

மழையில் நனைந்த கித்தான் கூரையும், அதன் அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவியும், பழைய ரப்பரும் சேர்ந்து எழுப்பும் ஒரு நாற்றம் உண்டு. அதை மணம் என்று சொல்லிக் கண்ணை மூடி இழுப்பவர்கள் இருக்கிறார்கள், என் மகனும் அவர்களில் ஒருவன், நானோ அது மூக்கில் ஏறியதுமே முந்தானையால் பொத்திக்கொள்கிறேன். சுதந்திரம் வந்து சில வருடங்களுக்குள், அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா கொண்டுவந்து நிறுத்திய ஜீப்பின் நாற்றம் அது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலத்தில் விட்டார்கள், "டிஸ்போசல் வண்டி" என்று அவற்றுக்குப் பெயர். ஆனேக்கல் பக்கம் கல் குவாரி கான்ட்ராக்ட் எடுத்திருந்த அப்பா, அந்தக் கரட்டுப் பாதைக்கு ஜீப் இல்லாமல் முடியாது என்று ஊரெல்லாம் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற கான்ட்ராக்டரைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை.

வண்டி வந்த நாளிலிருந்தே பிரேக் சரியில்லை. பெடலை மறுபடியும் மறுபடியும் மிதித்தால்தான் பிடிக்கும். அதற்கு "பம்ப் பண்றது" என்று ஒரு பெயர் வைத்து, ஏதோ ஓட்டுபவரின் சாமர்த்தியம் போல அப்பா பேசுவார். அம்மா அதிகம் பேசாதவள். பிரேக் சரியாகும் வரை பிள்ளைகளை அதில் ஏற்ற மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால் அப்பாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மெக்கானிக் அல்ல, "ஸ்பெஷலிஸ்ட்".

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் கூடிய ஆண்களின் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாத குமாஸ்தாவும், மாமனார் வீட்டுக் காரில் ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து போனவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கருத்துச் சொல்வார்கள், காபி குடிப்பார்கள், மீண்டும் கருத்துச் சொல்வார்கள். நிஜமான மெக்கானிக்குகள் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். அவர்கள் எல்லோருக்கும் முதல் வசனம் ஒன்றுதான்: "யார் சார் இதுல கை வெச்சது?" வண்டியைப் பார்க்குமுன்பே முந்தைய ஆளைத் திட்டியாக வேண்டும். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. முன்னால் வந்தவனை எவன் அதிகக் கேவலமாகப் பேசுகிறானோ அவனே அதிகம் தெரிந்தவன் என்று நம்பினார். அந்த நாளைய பெங்களூரில் படித்தவர்கள் வேலைக்காரனைத் தேர்ந்தெடுத்த முறையே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சிவாஜி நகரிலிருந்து வந்த பாஷா பாய் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் "கப்"புகள் தேய்ந்திருக்கின்றன, பிரேக்குக்கென்று தனி ஆயில் பம்பாயிலிருந்து வரவேண்டும், அதுவரை வண்டியை எடுக்கக்கூடாது என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். அவருக்கும் வாய் சும்மா இருக்காது. "மிலிட்டரிக்காரன் தூக்கிப் போட்டத ஆசையா தூக்கினு வந்துட்டீங்க சாப். பாத்து வாங்கத் தெரியாதவங்களுக்கு பஸ்ஸுதான் லாயக்கு" என்று கூட்டத்தின் முன்னால் சொன்னார். அவரை அப்பா அதன்பிறகு வாசலில் அண்டவிடவில்லை.

அப்படித்தான் எங்களுக்கு "கேப்டன்" தனபால் கிடைத்தார். பர்மா வரை ஜீப் ஓட்டியவர் என்றார்கள். காக்கி அரைக்கால் சட்டை, முறுக்கிய மீசை, விரலிடுக்கில் அணையாத சிகரெட். வந்தவுடன், "பாய் கை வெச்சானா? அவனுக்கு ஜட்கா வண்டி தெரியும் சார், ஜீப்பு தெரியாது" என்றார். ஸ்பெஷலிஸ்ட் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கேப்டன் எதையோ முறுக்கினார், எதையோ தட்டினார், பிரேக் அப்படியேதான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். கேப்டனின் ஸ்பானர்களும் சுத்தியலும் சாமி படத்தின் முன் பொட்டு வைக்கப்பட்டுக் கிடந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. அந்த நேரம் பார்த்து அப்பா பெடலை மிதிக்க, அது தரை வரை இறங்கிற்று. மறுநாள் விஜயதசமிக்கு எங்களை ஆனேக்கல் அழைத்துப்போய் குவாரியில் எல்லோருக்கும் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஸ்பானரைத் தொடாமல் என்ன செய்யலாம்? கேப்டன் ஓட்டுநர் காலடியில் இருந்த பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைக் கையாலேயே திருகித் திறந்தார். எஞ்சினுக்காக வாங்கி வைத்திருந்த புது ஆயில் டின்னை எடுத்து அதற்குள் நிரம்ப ஊற்றினார். எண்ணெய்க் குளியல் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெடல் கல் போல நின்றது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டு அவளையே மிதித்துப் பார்க்கச் சொன்னார். அவள் மிதித்தாள். இனி மறுக்க அவளிடம் காரணம் இல்லை.

மறுநாள் கேப்டன் ஓட்ட, அப்பா பக்கத்தில், நானும் தங்கை சரசாவும் பின்னால். ஓசூர் ரோட்டில் போகப் போக வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல முனகிற்று, சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தது. நிறுத்தி, சக்கரங்களின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. "புது பிரேக்கு சார், கொஞ்சம் முறுக்கா இருக்கும்" என்றார் கேப்டன். பொம்மனஹள்ளி தாண்டி ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது அவர் கால் பெடலோடு தரைக்குப் போயிற்று. எதிரே ஒரு மாட்டு வண்டி. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். கரையிலிருந்து நாங்கள் உருண்டோம்.

சேற்றில் நான் எழுந்து உட்கார்ந்தபோது வண்டி ஒருக்களித்துக் கிடந்தது, அதன் விளிம்புக்கு அடியில் சரசாவின் கால். அவள் கத்தவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. ஊர்க்காரர்கள் ஓடிவந்து நுகத்தடியை நெம்புகோலாக்கி வண்டியைத் தூக்கினார்கள். அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கேப்டனிடம் கேட்ட முதல் கேள்வி: "வண்டிக்கு என்னய்யா ஆச்சு?" கேப்டன் சொன்ன பதில்: "பசங்க ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சிடுச்சிங்க சார்." அப்பா தலையாட்டினார். என் தகப்பனாரைப் பற்றி நான் சொல்ல விரும்பாதது எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருக்கிறது.

சரசாவின் எலும்பு கோணலாகக் கூடிற்று. ஒரு கால் குட்டையாகவே நின்றுவிட்டது. கேப்டன் அதன்பின் வரவில்லை. அப்பா வேறு வழியின்றிப் பாஷா பாயைக் கூப்பிட்டார். அவர் சக்கரங்களைப் பிரித்து, பணியாரம் போல ஊதிக் கிழிந்திருந்த ரப்பர் கப்புகளை உள்ளங்கையில் வைத்து வாசலுக்கு வந்தார். எஞ்சின் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிக் கிழிந்துவிடும், சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்றார். தான் சொன்னது பலித்ததில் அவர் முகத்தில் ஒரு களிப்பு. உள்ளே மாவுக்கட்டோடு கிடந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "யார் சார் இதுல கை வெச்சது?" என்று, தெரிந்தும், சிரித்தபடி கேட்டார். அப்பாவும் லேசாகச் சிரித்தார்.

கதவருகே நின்ற அம்மா அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்தின் முன்னால் பேசினாள். "வண்டில யார் கை வெச்சாங்கன்னு நல்லா விசாரிங்க. எம்பொண்ணு காலுக்கு யார் கிட்ட விசாரிக்கறது?"

பாஷா பாய் கப்புகளை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வண்டியும் சில மாதங்களில் யாரிடமோ போயிற்று.

இப்போது என் மகன் முரளி அதே மாதிரி ஒரு ஜீப்பை எங்கிருந்தோ தோண்டி எடுத்து வந்திருக்கிறான். "கிளாசிக்" என்கிறான். வாசலில் மீண்டும் கூட்டம். பேன்ட் போட்ட குமாஸ்தாக்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போன மாதம், விவேக் நகரில் சரியான ஆள் கிடைத்துவிட்டதாகக் கண்கள் மின்ன வந்து சொன்னான். பிரேக்கில் என்ன ஆயில் ஊற்றினார் என்று கேட்டேன். "அதெல்லாம் அவர் பாத்துக்குவாரும்மா" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து அந்த ஆளிடம் இழுத்துப் போனேன். அவர் பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அன்றும் நான் தூங்கவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த சரசா, ஒரு பக்கம் உயர்த்தித் தைத்த செருப்போடு நொண்டிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆனேக்கல் போகலாமா என்று முரளி கேட்டதுதான் தாமதம். நான் இறங்கச் சொன்னேன், அதட்டினேன், கெஞ்சினேன். "வீட்ல உக்காந்து பயப்படறதுக்குப் பதிலா வண்டில உக்காந்து பயப்படு அக்கா" என்றாள். பின்னால் ஏறினேன்.

பொம்மனஹள்ளி தாண்டியதும் சரசா திரும்பி, அந்த ஏரிக்கரை எங்கே என்று கேட்டாள். இருபுறமும் தொழிற்சாலைச் சுவர்கள், டீக்கடைகள், பஸ்ஸுக்கு நிற்கும் சனம். கரை இல்லை, சரிவு இல்லை, தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் மண் கொட்டிச் சமமாக்கியிருந்தார்கள். இத்தனை வருடம் கனவில் கல் கல்லாகப் பார்த்த இடத்தை என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை. "போவட்டும் விடு" என்று அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். முரளி எதற்கோ பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. நான் அவன் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.