வாய் குறுகிய சுங்கான்கள்

மாமனார் சாக்கைக் கவிழ்த்ததும் மரச் சுங்கான்கள் மேசை மேல் கலகலவென்று கொட்டும். துரைமார் புகையிலை அடைத்துப் பிடித்த குழாய்கள் போலவே இருக்கும். ஆனால் எல்லாமே செய்த இடத்தில் கழித்துப் போட்டவை. ஒன்றில் குழி, ஒன்றில் வெடிப்பு, இன்னொன்றில் புகை வரும் துளை கோணலாக இறங்கியிருக்கும். கொடைக்கானல் ஏரிப் பக்கம் பரிசுப்பொருள் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வடக்கேயிருந்து மொத்தமாக வரவழைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, பெருமாள்மலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து அவற்றைத் தேற்றுவார். மரத்தூளைப் பசையில் குழைத்துக் குழியை அடைப்பார். கோணல் துளையை மூடி வேறு துளை போடுவார். உப்புத்தாளால் தேய்த்து மெழுகு ஏற்றுவார். அவர் தன் வாழ்நாளில் புகைத்ததில்லை.

மாமாவுக்கு எதன் மேலும் லேசில் நம்பிக்கை வராது. குறையே தென்படாத சுங்கான் கிடைத்தால் அதைத்தான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகத்தால் தட்டிக் காதில் வைப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே நோட்டம் விடுவார். "நல்லாத்தான் இருக்குன்னா நம்மகிட்ட எதுக்கு வந்துச்சு?" என்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பற்றியும் மாமியாரிடம் இப்படித்தான் கேட்டார். "காலேஜ் படிச்ச பிள்ளை, டாக்ஸி ஓட்டுறவனுக்கு எப்படிச் சம்மதிச்சுது?" சமையலறையில் நான் நிற்பது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை.

சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு என் கணவர் ஒரு வேலை கொண்டுவந்தார். மேல்மலையில் கூடாரம் போட்டு விடுதி நடத்துகிறவர் சுங்கான் கேட்கிறார். புகையிலை அடைக்கிற வாய் மட்டும் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டுமாம்.

"எதுக்காம்?" என்றார் மாமா.

"சும்மா டெகரேஷனுக்குப்பா. கெஸ்ட் ரூம்ல மாட்டுவாராம்."

"அழகுக்கு மாட்டுறதுக்கு வாய் எம்புட்டு இருந்தா என்னலே?"

கணவருக்கு அப்போது போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மாமா செய்து கொடுத்தார். உள்ளே மர வளையம் இறக்கி ஒட்டி, ஒவ்வொன்றின் வாயையும் குறுக்கினார். கணவர் அவற்றைக் காரில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் மாமாவுக்கு நிம்மதி போனது. ஒருநாள் வெள்ளனே தண்ணீர் பிடிக்க வந்தவள், அவர் மகனுடைய காருக்குள் தலையை விட்டு இருக்கையை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், "மழ ஒழுகுதான்னு பாத்தேம்மா" என்றார். மழை பெய்து நாளாகியிருந்தது. அவருடைய சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. துவைக்கப் போட்ட சட்டைப் பைகளைத் தடவினேன். கணவர் வெளியே நின்று போனில் பேசினால் எனக்கு ஜன்னல் பக்கம் வேலை வந்துவிடும். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குப் பெரிய அத்தாட்சியாகப் பட்டது. பிறகு பின்னறைக்கு ஒரு பூட்டு வந்தது. ஏன் என்று கணவர் கேட்டதற்கு, "எலி வருதுலே" என்றார் மாமா. பூட்டைப் பார்த்து எலி திரும்பிப் போகாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒரு காலை போலீஸ் ஜீப் வாசலில் நின்றது. அந்த விடுதியில் கஞ்சா பிடிபட்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு சுங்கானை எடுத்து மேசை மேல் வைத்தார். மாமா செய்ததுதான். ஒரு சிட்டிகை கஞ்சா மட்டுமே கொள்ளும் அதன் குறுகிய வாய் கருகிக் கிடந்தது.

"இத அங்க கொண்டுபோய்க் கொடுத்தது யாரு?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார். "நான் செஞ்சதுங்க. அழகுக்கு மாட்டணும்னு கேட்டாங்க, நாந்தான் பஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். இவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க."

முழங்கால் வலியால் மாமா மேல்மலை பஸ் ஏறிப் பல வருடங்களாகியிருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் பின்னறையையும் சாக்கையும் மரத்தூளையும் நெடுநேரம் பார்த்தார். "யாருக்குச் செய்றோம்னு விசாரிச்சுச் செய்ங்க பெரியவரே. கூப்பிட்டா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அப்பா, என்னைய நம்பித்தான அப்படிச் சொன்னீங்க?"

"நம்பியெல்லாம் சொல்லல. நீ என் மகன், அதான் சொன்னேன்."

எனக்குத் தெரியாதுப்பா என்று கணவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். மாமாவும் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிசைந்த சோறு அவர் கையிலேயே இருந்தது. கணவர் எழுந்து கை கழுவப் போனார்.

மாமா காலமாகிவிட்டார். பின்னறையில் இப்போது என் தையல் மெஷின் இருக்கிறது. கணவர் இன்றும் டாக்ஸிதான் ஓட்டுகிறார். நல்ல மனிதர், எனக்குத் தெரிந்தவரை பீடிகூடத் தொட்டதில்லை. சில நாட்கள் நானும் கூடப் போவதுண்டு. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் மற்ற டிரைவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் யாரும் கேட்பதற்கு முன்பே இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு நிற்பார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் என்பதாலா, ஒருமுறை தப்பித்தவர் என்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தபடி, பக்கக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.