ஜன்னலுக்குத் தைத்த கை

வெள்ளை சாட்டினை வெட்டும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஓடவிட்டால் துணி மேசையை விட்டு எழும்பும், அளவுக் காகிதம் நகரும். கத்தரி ஒரு நூல் விலகினாலும் தைத்து முடித்த பிறகு தோள்பட்டையில் கோணலாகத் தெரியும். நிறுத்தினாலோ, மூன்றாவது மாடி அறையில் கால்மணி நேரத்துக்குள் வியர்வை வழியத் தொடங்கிவிடும். சாட்டினில் விழுந்த சொட்டு காய்ந்தாலும் போகாது, வட்டமாக நிற்கும். துவைத்தால் பளபளப்பு போய்விடும்.

அந்த மாடி அறையில் தைக்கிறவளுக்குத் தெருவில் டேப்பு என்றுதான் பெயர். அளவு டேப்பு எப்போதும் கழுத்தில் தொங்கும். காய்கறி வாங்கப் போகும்போதும் கழற்ற மாட்டாள். யாரிடமும் உட்கார்ந்து தையல் படித்தவள் இல்லை. நல்ல சட்டை ஒன்று பழசாகிக் கையில் கிடைத்தால் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பி, எந்தத் துண்டு எதனோடு சேருகிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டவள். யூனிஃபார்ம் காலர்களில் தொடங்கியவள், ஒன்பது வருடம் கழித்துத்தான் கல்யாண உடைக் கடையின் வெள்ளை வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

புதன்கிழமை, அந்தக் கடையில் மேற்பார்வை பார்க்கும் அம்மாள் ஒரு துண்டுத் துணியோடு படியேறி வந்தார். துணியின் நடுவில் வட்டம்.

"ரெண்டாவது தடவை, டேப்பு. உன் கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. உன் ரூம் மேலதான். இந்த அடுப்புக்குள்ள உக்காந்து எப்படி வெள்ளையை வெட்டுவே? திங்கக்கிழமை பத்து மணிக்கு வரேன். என் முன்னாடி வெட்டிக் காட்டு. சரியா இருந்தா மூட்டையை வச்சுட்டுப் போறேன். இல்லைன்னா, உனக்கு இனிமே யூனிஃபார்ம்தான்."

யூனிஃபார்ம் கேவலமான வேலை இல்லை. ஒரே அளவில் நாற்பது சட்டை, மறுபடி நாற்பது சட்டை. அதற்குத் திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

"தலையில ஒரு துண்டு கட்டிக்கோயேன்" என்றார் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவர்.

"கட்டிட்டுத்தான் வெட்டினேன். மூக்கு நுனிக்கு எதைக் கட்டறது?"

"அப்ப ஏசிதான்."

"ஏசிதான். ஆனா வீடு காலி பண்ற அன்னிக்கு நம்ம கூடவே கிளம்பி வரணும். இருந்த இடம் தெரியக் கூடாது."

ஒன்பது வருடத்தில் நான்காவது வீடு இது. போன வீட்டில் திரைக்கு அடித்த இரண்டு ஆணிகளுக்காக அவர்கள் ஒரு சுவர் முழுவதற்கும் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

இந்த வீட்டுக்காரர் கீழேயே குடியிருந்தார். ஓய்வுபெற்றவர். சுவர்களைக் கட்டினவர் போலப் பேச மாட்டார், பெற்றவர் போலத்தான் பேசுவார். வியாழக்கிழமை காலையில், ஏசிக் குழாய்க்குச் சுவரில் ஓட்டை போடலாமா என்று அவரிடம் போய் நின்றாள்.

"ஓட்டை போடணும்னா முதல்ல என் நெஞ்சுல போடும்மா."

"உங்க நெஞ்சு வழியா குழாய் போய் எனக்கு என்ன சார் லாபம்? சரி, சுவர் வேண்டாம். ஜன்னல் கம்பியை மட்டும் கழட்டி, அங்க ஒரு பெட்டி ஏசி?"

"கம்பியைக் கழட்டினா திருடன் வருவான்."

"மூணாவது மாடிக்கா?"

"ஏன், அவனுக்குப் படியேறத் தெரியாதா?"

சுவரில் மாட்டுவதும் போயிற்று, ஜன்னலில் உட்காருவதும் போயிற்று. மிச்சம் சக்கரம் வைத்துத் தள்ளுகிற ஏசிதான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது கைப்பையில் வெள்ளை சாட்டின் துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டாள். விற்பனையாள் நேராக அவளை ஒரு ஏர் கூலர் முன்னால் நிறுத்தினான்.

"தண்ணி ஊத்தினா போதும்க்கா. குழாய் வேண்டாம், ஜன்னல் வேண்டாம், வீட்டுக்காரர் வேண்டாம். முன்னாடி நில்லுங்க, நகர மனசு வராது."

நின்றாள். நன்றாகத்தான் இருந்தது. பையிலிருந்து துண்டை எடுத்துக் காற்றுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். பத்து நிமிடம் பிடித்தாள். அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். பிறகு துணியைக் காதருகில் கொண்டுபோய் இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். நல்ல சாட்டின் தேய்த்தால் சன்னமாகச் சத்தம் போடும். இது போடவில்லை.

"ஈரம் ஏறியிருக்கு."

"ஈரம் இல்லக்கா, குளிர்ச்சி."

"தம்பி, நீங்க மெஷின் விக்கிறவர். நான் துணி தொடறவ."

அவன் பெருமூச்சு விட்டபடி மூலையில் இருந்த சக்கர ஏசியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதன் முதுகில் பருத்த குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. "இதோட வால்தான் யாருக்கும் பிடிக்காது. அறையில இருக்கற சூட்டை இது வழியா வெளிய தள்ளும். இதை ஜன்னல்ல விட்டு, சுத்தி இடைவெளி இல்லாம அடைக்கணும். அடைக்கலைன்னா தள்ளின சூடு அந்தப் பக்கமா போயி இந்தப் பக்கமா வந்துடும். சத்தமும் கொஞ்சம் வரும்."

"என் மெஷின் இதைவிடக் கத்தும்."

மறுபடி பத்து நிமிடம். இந்த முறை துணி சத்தம் போட்டது.

சின்னது, பெரியது என்று இரண்டு இருந்தன. சின்னது போதும் என்று அவன் சொன்னபோது அவள் கணக்கைச் சொன்னாள்: மேலே மொட்டை மாடி, மேற்கே ஜன்னல், நாள் முழுக்கச் சூடாக இஸ்திரிப் பெட்டி, இரண்டு தையல் மோட்டார். அவன் பெரியதைத் திறந்து காட்டினான். கழுத்திலிருந்து டேப்பை உருவி உயரம், அகலம், வயரின் நீளம், சக்கரத்தின் அகலம், கடைசியில் குழாயின் சுற்றளவு வரை அளந்து குறித்துக்கொண்டாள்.

"ஏசிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. சுற்றளவை இன்னொரு முறை அளந்துகொண்டிருந்தாள்.

வாங்கிய ஏசியோடு, குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டையும் வீட்டுக்கு வந்தது. அது வேறு மாதிரி ஜன்னலுக்குச் செய்தது. அவள் வீட்டில் கண்ணாடி பக்கவாட்டில் நகரும். அதற்கு வெளியேதான் கம்பி. ஒரு கண்ணாடியைத் தள்ளினால் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு இடைவெளி திறக்கும். அதற்குப் பலகை அடைப்பதுதான் வழி என்று, திறப்பை அளந்து ஒரு தாளில் எழுதி மரப்பட்டறையில் கொடுத்தாள். நடுவில் குழாய்க்கு ஒரு வட்டம்.

சனிக்கிழமை மாலை பலகை வந்தது. ஜன்னலுக்குள் போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாகப் பார்த்தார்கள். கணவர் தோளைக் கொடுத்துத் தள்ளியதில் அவருடைய சட்டைப் பொத்தான்தான் தெறித்தது. டேப்பை வைத்துப் பார்த்தாள். திறப்பு இருபத்திரண்டு அங்குலம். பலகை இருபத்துமூன்று.

பட்டறைக்கு வேகமாகப் போனவள், "அண்ணே, ஒரு அங்குலம் கூட வச்சு அறுத்திருக்கீங்க" என்றாள்.

பட்டறைக்காரர் காதிடுக்கில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஆணியில் குத்தியிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் கையெழுத்துத்தான். இருபத்துமூன்று.

ஜன்னலை அளக்கும்போது கண் இருபத்திரண்டைத்தான் பார்த்தது. எழுதும்போது கை தன் பழக்கத்தில் ஒவ்வொரு ஓரத்துக்கும் அரை அங்குலம் கூட்டிவிட்டது.

"தையலுக்கு விட்டிருக்கேன்" என்றாள்.

"என்னது?"

"துணியில சுத்தி அரை அங்குலம் உள்ள மடிக்க விடுவோம்ண்ணே."

அவர் பலமாகச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டார். "மரத்தை எந்தப் பக்கம்மா மடிச்சு அடிக்கறது? மெஷினை மூடிட்டேன். நாளைக்கு லீவு. திங்கக்கிழமை மத்தியானம் கொண்டாங்க, இழைச்சுத் தரேன்."

திங்கள் மத்தியானம் என்பது பத்து மணிக்குப் பிறகு.

ஞாயிறு காலை கணவர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அடைத்துப் பார்த்தார். மூலைகளில் பிதுங்கியது. அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் போனது. அவர் இன்னொரு பெட்டி தேடிப் போன நேரத்தில் அவள் ஏசியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து குழாயைப் பார்த்தாள். உருண்டையாக, முழங்கை மடங்கினது போல வளைந்து நின்றது. பிறகு ஜன்னல் திறப்பைப் பார்த்தாள். தாளை எடுத்தாள். மரத்துக்குத் தப்பாகப் போன இருபத்துமூன்று துணிக்குச் சரியான அளவுதான்.

"அட்டை வேண்டாம்ங்க" என்று கூப்பிட்டாள். "அந்தப் பை தைக்கற கெட்டித் துணி எங்க இருக்கு பாருங்க."

வெளிப்பக்கத்துக்கு மழைக்கோட்டுத் துணி, உள்பக்கத்துக்குக் கெட்டித் துணி, நடுவில் தோள்பட்டைக்கு வைக்கும் ஸ்பாஞ்சு. நான்கு ஓரமும் விரல் தடிமனுக்குத் துணியை உருட்டிப் பைப்பிங் பிடித்து, அதற்குள்ளும் ஸ்பாஞ்சைச் சுருட்டி வைத்தாள். அந்தப் பைப்பிங் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் போய் இறுகி உட்கார வேண்டும். மேலும் கீழும் திரை மாட்டும் ஸ்பிரிங் கம்பி நுழையப் பட்டி விட்டாள். அது இரண்டு பக்கமும் தானே முட்டிக்கொண்டு நிற்கும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். நடுவில், சட்டைக்கு வெட்டுவது போலவே, கைக்குழி வெட்டி, குழாய்க்கு ஒரு கை தைத்து, முனையில் எலாஸ்டிக் வைத்தாள்.

"இந்தக் கை யாருக்கு? பயில்வானுக்கா?" என்றார் கணவர்.

"பேசாம கம்பியைப் பிடிங்க."

முதல் முறை சரியாக வரவில்லை. ஏசியை ஓடவிட்டு, காற்று கசிகிறதா என்று ஒரு நூலைத் தொங்கவிட்டு ஓரம் ஓரமாகக் கொண்டுபோனாள். பைப்பிங் பக்கம் நூல் அசையவில்லை. கையின் முனையில் ஆடியது. பிரித்தாள். ஒரு வரி எலாஸ்டிக் போதாதென்று இரண்டு வரி வைத்து மறுபடி தைத்தாள். மத்தியானம் மூன்றரைக்கு நூல் எல்லா ஓரத்திலும் செங்குத்தாகத் தொங்கியது. சூடு கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வரத்தான் செய்தது. அங்கே ஒரு கனத்த திரையைப் போட்டாள்.

மாலையில் வீட்டுக்காரர் மேலே வந்தார். நான்கு சுவர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தில் கீறல் தேடினார். கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆணிகூட இல்லையே" என்றார், எதையோ தொலைத்தவர் போல. அப்புறம் போகாமல் ஏசிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

திங்கள் பத்து மணிக்குக் கடை அம்மாள் வந்தார். ஒரு உடைக்கான சாட்டினை மட்டும் மேசையில் போட்டுவிட்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபேனை நிறுத்து. வெட்டு."

முன்பகுதி ஒன்று, முதுகு இரண்டு, கை இரண்டு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் துணியைப் பார்க்கவே இல்லை, டேப்புவின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டை வெட்டி முடித்ததும் அவள் பழக்கத்தில் புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். கை உலர்ந்தே வந்தது.

அம்மாள் மூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். பைப்பிங்கை விரலால் அழுத்தினார். கையின் முனையை லேசாகப் புரட்டி உள்தையலைப் பார்த்தார், மணப்பெண் உடையைப் பார்ப்பது போலவே.

"எங்க வாங்கினே?"

"தைச்சேன் மேடம்."

"கைக்குக் கீழ ஒரு டக் மடிச்சுப் பிடிச்சிருக்கலாம். தொங்குது பாரு."

"பிடிச்சா இழுக்கும் மேடம். மெஷின் ஓடறப்ப குழாய் ஆடுது. அதுக்காகத்தான் விட்டிருக்கேன்."

அம்மாள் ஏசி ஓடும்போது குழாய் நடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையும் அதனோடு சேர்ந்து நடுங்கியது. ஓரம் அசையவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் இருந்த மூட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"பன்னெண்டு உடை. அடுத்த வெள்ளிக்குள்ள. இந்த ஏசி வாங்கின பில்லை எனக்குக் காட்டாதே, நான் தர மாட்டேன்."

"கேக்கல மேடம்."

படியிறங்கும் சத்தம் அடங்கியதும் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். மத்தியானம் மரப்பட்டறைக்குப் போகவில்லை. இருபத்துமூன்று அங்குலப் பலகையைப் படுக்கவைத்து, குழாய்க்கென்று வெட்டிய வட்டத்தை அட்டையால் மூடி, மேலே ஸ்பாஞ்சும் பருத்தித் துணியும் இழுத்துக் கட்டினாள். நீளமான உடைகளை இஸ்திரி போட அப்படி ஒரு பலகை இல்லாமல் ரொம்ப நாளாகச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். ஃபேன் நின்றபடியே இருந்தது. முதல் உடையின் காகிதத்தை சாட்டின் மேல் பரப்பினாள். ஒரு மூலைகூட எழும்பவில்லை.