பொத்தானில் ஒரு பெருக்கல் குறி

என் தங்கை சினிமாவில் வேலை செய்கிறாள் என்றால் எல்லோரும் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். திரையில் அவள் முகம் வராது. அவள் தைத்ததும் துவைத்ததும் வரும். உடைப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறாள். ஒரு காட்சியைத் திங்கட்கிழமை பாதியும் வெள்ளிக்கிழமை மீதியும் எடுத்தால், முழங்கைச் சுருக்கம்கூட அதே இடத்தில் இருக்க வேண்டும். அது அவள் பொறுப்பு. எந்தப் பொத்தான் திறந்திருந்தது, கழுத்துப்பட்டை எந்தப் பக்கம் மடங்கியிருந்தது, எல்லாவற்றையும் நோட்டில் படம் போட்டு வைத்திருப்பாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அந்தக் கண் எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றைப் படமாக்கினார்கள். நாவலிலிருந்து எடுத்தது. ஒரு டாக்டர் மனைவிக்குத் துரோகம் செய்கிறார். அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறாள். தங்கையின் கணவரும் அதே படத்தில் லைட்மேனாக இருந்தார்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தங்கை சட்டென்று நிறுத்தினாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்தப் பொத்தானப் பாரு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நாலு ஓட்டைப் பொத்தான நான் ரெண்டு கோடாத்தான் தைப்பேன். இது பெருக்கல் குறி."

"கடையில குடுத்துத் தைச்சிருப்பாருடி."

"கடைக்காரன் அடியில முடிச்சுப் போட்டு அத்து விட்டுடுவான். இதுல முடிச்சையே உள்ள மறைச்சிருக்கா. அக்கறையா தைச்சிருக்காக்கா."

அவரிடமே கேட்டுவிடு என்றேன்.

"கேட்டா ஒத்துக்குவாரு, அவருக்குப் பொய் வராது. ஒத்துக்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சியோட வீட்டுல இருப்பாரு? போயிடுவாருக்கா."

போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதனால் வாயைத் திறக்கவில்லை. யார் அந்தப் பெண் என்றுகூடத் தேடவில்லை. அவர் குளிக்கப் போகும்போது மட்டும் மற்ற சட்டைகளைப் புரட்டிப் பார்ப்பாள்.

எட்டு நாள் கழித்து, மனைவிக்கு உண்மை தெரியவரும் காட்சியை எடுத்தார்கள். நாவலில் அவள் ஒரு கடிதத்தைப் பார்த்துவிடுகிறாள். டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"கடிதம், கடிதம்! எத்தனை படத்துல பார்த்தாச்சு. ஒரு பொண்டாட்டிக்கு வேற எப்படித் தெரியும்? யாராவது சொல்லுங்கப்பா!"

கதாநாயகியின் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி குனிந்திருந்த என் தங்கை, "பொத்தான்ல தெரியும் சார்" என்றாள். விளக்கமாகவும் சொன்னாள். ரெண்டு கோடு, பெருக்கல் குறி, மறைத்த முடிச்சு. தன்னை அறியாமல் வந்துவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

டைரக்டர் குதித்தார். "அடடா, பூதக்கண்ணாடி! இதுதான்மா காட்சி!"

உடனே டாக்டரின் சட்டையில் பொத்தானைப் பிரித்துத் தைக்கச் சொன்னார். அந்தப் பெருக்கல் குறியை அவளே தன் கையால் தைத்தாள். கேமரா ஓடியது. கதாநாயகி பொத்தானைத் தடவினாள். மேலே பலகையில் லைட்டைப் பிடித்திருந்தவர் என் தங்கையின் கணவர்.

"யோவ், மேல யாருய்யா? வெளிச்சம் ஆடுது! உன் பொண்டாட்டி சொன்ன சீன், நீயே கெடுக்கிறியே!" என்று கேமராமேன் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் துணி அறைக்கு வந்தார்.

"நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்ணிட்டியே."

"நான் உங்க பேரச் சொல்லலீங்க."

"தெரிஞ்சப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க போயிடுவீங்கன்னுதான்."

அப்படி ஒருத்தியும் இல்லை என்று அவர் ஒரு பொய்யாவது சொல்லட்டும் எனத் தங்கை உள்ளுக்குள் கெஞ்சினாளாம். அவர் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு பெட்டியோடு போய்விட்டார்.

அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கொலைக் காட்சிக்கு, டேக்குக்கு ஒன்றாக, ஆறு சட்டைகள் வேண்டியிருந்தன. ஆறிலும் ரத்தக் கறை ஒரே அளவில், ஒரே சாய்வில் இறங்கும்படி நூல் பிடித்து அளந்து சாயம் ஏற்றினாள். ஆறையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

படம் வந்ததும் இருவரும் சேர்ந்து போனோம். டாக்டர் சுருண்டு விழுந்தபோது அரங்கமே கைதட்டியது. "நல்லா வேணும்டா உனக்கு!" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"கறை அச்சு அசலா இருக்குடி" என்றேன் அவள் காதில்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொல்ற அளவுக்கு என்னக்கா பண்ணிட்டாரு?" என்றாள்.