மழைக்கு முந்திய மருந்து

தோட்டத்தின் இருநூறு ஆப்பிள் மரங்களில் பாதிக்குக் குழி வெட்டியவள் ஹெட்டி கார்பர்தான். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இப்போது நாற்பத்தாறு வயது.

இரண்டு வருஷமாகத் துரு நோய். அந்தப் பூஞ்சை சபைக் கல்லறையின் சிடார் என்னும் ஊசியிலை மரங்களில் குடியிருந்தது. ஏப்ரல் மழையில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று உப்பி, தூளாகக் காற்றேறி வந்து ஆப்பிள் இலையில் உட்காரும். கல்லறை மரங்களை வெட்டச் சபை சம்மதிக்கவில்லை. மருந்து மழைக்கு முன்பே இலையில் படிந்திருக்க வேண்டும். இந்த வருஷமும் இலை கொட்டினால் மரங்கள் தாங்காது.

ஞாயிறன்று மழை என்று வெள்ளிக்கிழமையே ரேடியோ சொல்லிவிட்டது. ஒருவர் டிராக்டர் ஓட்ட, ஒருவர் குழாய் பிடிக்க வேண்டும். கணவர் ஓரனோ சபையின் டீக்கன், உதவி ஊழியர். சபையார் ஒரே பந்தியில் உண்ணும் அன்பின் விருந்துக்கு முன் டீக்கன்கள் இருவராக வீடுவீடாகப் போய், எல்லாரோடும் சமாதானமா என்று கேட்டாக வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாள் மருந்தடிச்சிட்டுப் போங்களேன்."

"இன்னும் இருபது வீடு இருக்கு ஹெட்டி. சிமியோன் வண்டியில காத்துக்கிட்டிருக்கார்."

"வீட்டுக்கு வீடு ஆப்பிள் கேக் கிடைக்கும், போங்க. அடுத்த வருஷம் அதை எதுல பண்ணுவாங்கன்னும் கேட்டுட்டு வாங்க!"

சனிக்கிழமையும் போனார், இருட்டித்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலையைத் தொடுவதில்லை. ஆராதனை நடக்கும்போதே கூரையில் மழை இறங்கியது. ஹெட்டி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் வந்ததும் இருவரும் மருந்தடித்தார்கள். கறுப்பு மருந்து படிந்து இலைகள் கறுத்தன.

கடைசி வீடு அவர்களுடையது. புதன்கிழமை ஓரனோடு வந்த டீக்கன் சிமியோன் வாம்ப்ளர் சமையலறை நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்தபடி கேட்டார்:

"சிஸ்டர், எல்லாரோடயும் சமாதானமா இருக்கீங்களா?"

"இல்ல பிரதர்."

"யாரோட மனஸ்தாபம்?"

"உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, அவரோட."

சிமியோன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சமாதானம் இல்லாம பந்தியில உக்கார முடியாதே, சிஸ்டர்."

"தெரியும். அதுக்காகப் பொய் சொல்லவா?"



பத்து நாள் கழித்து, விருந்து நாளின் மாலை, ஓரன் தனியாகச் சபைக்குப் போனார். அவள் தோட்டத்தில் வரிசை வரிசையாக இலைகளைப் புரட்டிக்கொண்டு நடந்தாள். இலைக்கு எட்டு, பத்து மஞ்சள் புள்ளிகள், குண்டூசித் தலை அளவில்.

ஓரன் இருட்டுமுன்பே திரும்பி வந்து வேலியோரம் நின்றார்.

"வந்துருச்சா?"

"எல்லா மரத்துலயும்."

அவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அவரும் இலைகளைப் புரட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் போனார். போக வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.